நாற்பத்தோராம் நிமிடம்

கூத்தாநல்லூரில் இரவு பதினொன்றரை.
ஓஹியோவில் நேற்று மதியம் பேசியவர்
என் மடிக்கணினியில் தொண்டையைச் செருமுகிறார்.
ஒரு நிமிடப் பேச்சுக்குப் பதினெட்டு ரூபாய்.
கேட்டதை அடி, நினைத்ததை அடிக்காதே:
கம்பெனியின் முதல் விதி.
கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டு
நேரத்தைக் குறிக்க வேண்டும்.

மூன்று வருடமாக இந்த மனிதரைத் தட்டச்சு செய்கிறேன்.
மூச்சு வாங்கும் இடம் தெரியும்.
கோபம் வருமுன் காகிதம் புரட்டுவார், தெரியும்.
முகம் தெரியாது. தேடினால் கிடைக்கும்.
தேடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குடும்பம்
ஒன்றாக உட்கார வேண்டும் என்கிறார்.
சரிதான் என்று தலையாட்டுகிறேன்.
குவைத்தில் இருக்கும் மனுஷனின் தட்டு
ஐந்து வருடமாக அலமாரியில் கவிழ்ந்திருக்கிறது.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கண்மூடி ஜெபித்தால்
யாருக்கு என்ன நஷ்டம் என்கிறார்.
எனக்கும் தெரியவில்லை என்ன நஷ்டமென்று.
கண்ணை மூடாமல் தொழுகிற பிள்ளை
எந்தப் பெஞ்சில் உட்காரும் என்று மட்டும்
கேட்டிருப்பேன்.
அரசாங்கத்தின் கை நீள நீள
மனிதனின் கை சூம்பிவிடும் என்கிறார்.
எங்கள் தெரு ஹாஜியாரும் இதையேதான் சொன்னார்,
ரேஷன் கடையில்,
அரிசிக்குப் பையை விரித்துப் பிடித்தபடி.

பிறகு எல்லைக்கு வருகிறார்.
சுவர், பூட்டு, யார் உள்ளே யார் வெளியே.
ஒரு பட்டியல் வாசிக்கிறார்,
பெயர்கள் அவர் வாயில் நொறுங்கி விழுகின்றன.
நான் பொறுக்கி ஒட்டுகிறேன்.
அப்துல் கனி என்றால் அப்துல் கனி,
ஓர் எழுத்து சிந்தாமல்.
அத்தா பெயர் அது.

அந்த மொழியில் 'வீ' என்று ஒரே சொல்.
நாமும் அதுதான், நாங்களும் அதுதான்.
கேட்கிறவளைச் சேர்த்துச் சொல்கிறாரா
வாசலில் நிறுத்திச் சொல்கிறாரா,
மூன்று வருடமாக அடிக்கிறேன், பிடிபடவில்லை.
இங்கே என் தங்கை மகளுக்கு மூன்று வயது.
'நாம கடைக்குப் போறோம்' என்றால் செருப்பைத் தேடும்.
'நாங்க போறோம்' என்றால்
தரையில் விழுந்து அழும்.

போன குறுவைக்கு நடவு நட
பீகாரிலிருந்து ஆள் வந்தார்கள்.
லெட்சுமாங்குடிப் பக்கம் எங்கள் வீடொன்று காலி.
வெளியூர்க்காரனுக்கு வேணாம் என்றார் அத்தா.
தரகரிடம் போனில் சொன்னது நான்:
'நாங்க பொம்பளப் புள்ளைங்க
நடமாடுற தெரு பாருங்க.'
வாய் குழறவேயில்லை.
கணவர் அந்த வாரம்தான் எழுதியிருந்தார்,
அங்கே அறை எடுக்க
இன்ன தேசத்தான் வேண்டாமென்று
கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒருவர் அழைக்கிறார்.
நெப்ராஸ்கா. சோளம். எழுபதைத் தொட்ட குரல்.
மேலே இருக்கிற மாநிலம் தண்ணீரை விடவில்லை என்கிறார்.
தலைநகரில் வரைபடம் விரித்திருப்பவனுக்கு
என் வாய்க்கால் எதுவென்று தெரியுமா என்கிறார்.
நான் நிறுத்துகிறேன்.
பின்னோக்கி ஓட்டுகிறேன்.
ஆடி பிறந்து ஒன்பது நாள்.
வெண்ணாற்றில் ஆடு மேய்கிறது.

தொகுப்பாளர் குறுக்கே விழுகிறார், விளம்பரம் வருகிறது,
மூட்டுவலி மாத்திரை.
அதற்கடியில் அந்த மனிதர் இன்னும் பேசுகிறார்:
'வீ', பிறகு காத்திருப்பது பற்றி ஏதோ.
நான்கு தடவை கேட்டேன்.
காதில் நாம் என்று விழுந்தது.
விதிப்படி அடித்தேன்: தெளிவில்லை, 41:07.

சுபுஹுக்கு பாங்கு சொன்னபோது
கோப்பை அனுப்பிவிட்டு எழுந்தேன்.
அந்த வீடு இன்னும் காலிதான்.
மத்தியானம் திரும்பி வந்திருந்தது கோப்பு,
சிவப்பில் ஒரு குறிப்போடு:
நாற்பத்தொன்று ஏழு, மறுபடி கேட்கவும்.

மறுபடி கேட்பதற்குக்
காசு கிடையாது.